ரைட்-ஆஃப்: ‘தள்ளுபடி’ வேண்டாம், ‘ஐந்தொகை நீக்கம்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வராத கடனை வங்கிகள் தங்கள் ஆண்டுக் கணக்கிலிருந்து எடுக்கும் ‘ரைட்-ஆஃப்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று சென்ற வாரம் தொடங்கிய இழையை ஒரே மூச்சில் படித்தேன். ‘தள்ளுபடிதான் இருக்கிறதே, அப்புறம் என்ன தேடல்’ என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 31 ஆண்டுகள் கழித்துச் செயலாளராக ஓய்வு பெற்றவன். தள்ளுபடியை என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

2006 மே மாதம் கலைஞர் பதவியேற்ற மேடையிலேயே கூட்டுறவுக் கடன் தள்ளுபடிக்குக் கையெழுத்திட்டார். அதன்பின் பல வாரம் எங்களுக்குத் தூக்கம் இல்லை. உறுப்பினர் வாரியாக அசல், வட்டி, அபராத வட்டி என்று பட்டியல் எடுத்து, தணிக்கைக்குக் காட்டி, மேலே அனுப்பினோம். பாக்கியை அரசு ஏற்றுக்கொண்டது. உறுப்பினர் பெயரில் இருந்த தொகை ஒரு பைசா மிச்சமில்லாமல் போயிற்று.

2021-ல் ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி வந்தது. நகையைத் திருப்பிக் கொடுத்த ஒரு நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். துணிப்பையைப் பிரித்து ஒரு ஜோடி தோட்டையும் சங்கிலியையும் தராசில் வைத்து, ரசீதில் எழுதிய எடையோடு ஒத்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், கைநாட்டு வைக்கும் முன் கேட்டார்: “இனிமே யாரும் கேட்டு வர மாட்டாங்கல்ல தம்பி?” “வர மாட்டாங்க ஆத்தா” என்றேன்.

அதுதான் தள்ளுபடி. இனி யாரும் கேட்டு வர மாட்டார்கள்.

ரைட்-ஆஃப் செய்த கடனைக் கேட்டு வருவார்கள். தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் ஆகிறது. வராமல் போகக்கூடிய தொகைக்கு ஈடாக வங்கி தன் லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைக்கிறது. பெரும்பாலும் முழுத்தொகைக்கும் ஒதுக்கி முடித்தபின், கடனையும் அதற்கு ஒதுக்கிய தொகையையும் சேர்த்துத் தன் ஆண்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. வாங்கியவர் பெயரில் கிளையில் இருக்கும் கணக்கு அப்படியே நிற்கும். ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8-ல் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு இலக்கணமே சொன்னது. வாங்கியவரின் கணக்கில் பாக்கி தொடர்கிறது, வங்கி கணக்கியலுக்காக மட்டும் எடுக்கிறது, உரிமையை விட்டுக்கொடுப்பதில்லை, வசூலுக்குத் தடையும் இல்லை. பாரத ஸ்டேட் வங்கி இத்தகைய கடன்களை மாற்றி வைக்கும் கணக்கின் பெயரே ‘வசூலில் உள்ள கடன்கள்’ என்ற பொருளில்தான் இருக்கிறது.

நம் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகின்றன. 2016 நவம்பரில், பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், 63 பேருடைய சுமார் 7,016 கோடி ரூபாயைப் பாரத ஸ்டேட் வங்கி ரைட்-ஆஃப் செய்தது என்று செய்தி வந்தது. அதில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் 1,201 கோடியும் இருந்தது. ஜனங்கள் ஏடிஎம் வாசலில் கால்கடுக்க நின்ற நேரம். ‘தள்ளுபடி’ என்ற சொல் நெருப்பாய்ப் பற்றியது. ரைட்-ஆஃபுக்கு அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது என்று அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி மாநிலங்களவையில் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 2020 ஏப்ரலில் 50 பேருடைய 68,607 கோடிக்கும் அதே சண்டை அச்சுப் பிசகாமல் நடந்தது.

இழையில் ஒரு தம்பி எழுதியதை இங்கே எடுத்துப் போடுகிறேன்.

> அரசுக்கு எதிரான சேனல்கள் வேண்டுமென்றே தள்ளுபடி என்று போடுகின்றன ஐயா. இது மொழிச் சிக்கல் இல்லை, அரசியல்.

பாதி சரி தம்பி. மறுபாதியையும் பாருங்கள். அரசுக்கு வேண்டிய சேனல்கள் இதையே ‘வழக்கமான கணக்கு நடவடிக்கை’ என்று மூன்றே சொல்லில் கடந்துவிடுகின்றன. 2017-18 முதல் ஐந்து நிதியாண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் கோடி ரூபாய் இப்படி எடுக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். அதில் எவ்வளவு திரும்ப வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு தரப்பு ‘தள்ளுபடி’ என்று கத்துகிறது, மறுதரப்பு ‘தள்ளுபடியே இல்லை’ என்று மறுக்கிறது. வசூல் எங்கே என்று கேட்க இருவருக்கும் நேரமில்லை. சரியான சொல் கையில் இருந்தால் அந்தக் கேள்வி தானாக வாய்க்கு வந்துவிடும்.

என்னை இன்னும் அதிகமாக வருத்துவது வேறொன்று. நிஜமாகவே தள்ளுபடி நடக்கும் இடத்தில் அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது. 2019-ல் அலோக் இண்டஸ்ட்ரீஸ் திவால் வழக்கில் கடன் கொடுத்தவர்கள் கேட்டது சுமார் 29,500 கோடி. தீர்ப்பாயம் ஒப்புதல் தந்த திட்டம் சுமார் 5,050 கோடி. மீதியை அந்த நிறுவனத்திடம் இனி யாரும் கேட்க முடியாது. என் சங்கத்து அம்மாளுக்குக் கிடைத்ததும் அதேதான். ஆனால் அங்கே ‘தீர்வுத் திட்டம்’ என்றும் கடன் தொகையில் வெட்டு என்ற பொருளில் ‘ஹேர்கட்’ என்றும் எழுதுகிறார்கள். விவசாயிக்குக் கொடுத்தால் தள்ளுபடி, அதைத் தொட்டுக்கொண்டு ‘இலவசக் கலாச்சாரம்’ பற்றி ஒரு மணிநேர விவாதம்.

பத்திரிகைச் சண்டையாக மட்டும் இது நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர் 2019-ல் ஒரு வங்கியில் 1,80,000 ரூபாய் தனிநபர் கடன் வாங்கினார். ஓவர்லாக் மிஷின் ஒன்றும், மகளின் கல்லூரிக் கட்டணமும். மறு வருடம் ஊரடங்கு. பள்ளிக்கூடம் மூடியதால் சீருடைத் தையல் அடியோடு நின்றது. ‘மூன்று மாதம் இஎம்ஐ கட்ட வேண்டாம்’ என்று டிவியில் ஓடியதைப் பார்த்து நிம்மதியானார். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு நீட்டித்த அந்தத் தள்ளிவைப்பு ஆகஸ்ட் 31-ல் முடிந்தபோது, கட்ட வேண்டியது கூடியிருந்தது, கடையில் தைக்கத் துணி இல்லை. இரண்டு வருடம் அலைக்கழிந்தபின் ஃபோன் வருவது நின்றுபோனது.

சென்ற மாதம், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையோடு வீட்டுக்கு வந்தார். பைக் லோன் கேட்டிருக்கிறார், தரவில்லை. அறிக்கையில் அந்தக் கடனுக்கு எதிரே ‘ரைட்-ஆஃப்’ என்று இருந்தது. அதே வாரம் வசூல் ஏஜெண்ட் ஒருவரும் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். “டிவில தள்ளுபடின்னு சொல்றாங்க, என் பேப்பர்லயும் அதே வார்த்தைதான் இருக்கு. அப்புறம் எதுக்கு சார் கூப்பிடறாங்க?” மூன்று வருடம் அந்த மனிதர் கடன் முடிந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார். முன்பே தெரிந்திருந்தால் கிளைக்குப் போய்ப் பேசியிருப்பார். வட்டியாவது இவ்வளவு ஏறியிருக்காது.

ஆகவே புதுச்சொல் எதுவானாலும் ‘இனிக் கேட்பார்களா’ என்ற கேள்விக்குத் தப்பான பதில் சொல்லக் கூடாது. இதை உரைகல்லாக வைத்து, வந்த சொற்களைப் பார்க்கிறேன்.

> இலங்கையில் நாங்கள் பதிவழிப்பு என்போம். அறவிட முடியாக் கடன் பதிவழிக்கப்பட்டது என்று கணக்கீட்டுப் புத்தகங்களிலேயே உண்டு.

‘அறவிடு’ என்ற வினை எவ்வளவு அழகு! ‘வசூல்’ என்று எழுதி எழுதி நாங்கள் அதை இழந்துவிட்டோம். ஆனால் ‘பதிவழிப்பு’ என்று படிக்கும் தையல்காரருக்குப் பதிவே அழிந்துவிட்டது என்றுதான் தோன்றும். அவருடைய பதிவோ கிளையிலும் இருக்கிறது, சிபிலிலும் இருக்கிறது. கணக்கீட்டுப் பாடத்தில் அது இருக்கட்டும், செய்திக்கு உதவாது.

> மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியலில் போக்கெழுதுதல் என்று படித்தோமே. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஒரு தலைப்பாக எழுதிப் பார்த்தேன்: ‘வங்கிகளில் வாராக்கடன் போக்கு’. இன்றைய வாசகருக்குப் ‘போக்கு’ என்றால் நடப்பு நிலவரம். வகுப்பறைக்கு வெளியே அந்தச் சொல்லின் பழைய பொருளை ஞாபகம் வைத்திருப்பவர் குறைவு.

நான் முதலில் முன்வைத்தது ‘ஏட்டுக்கழிப்பு’. ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்கிறோமே, அதுபோல ஏட்டில் மட்டும் நடப்பது என்று நினைத்தேன். நம் குழுவின் தங்கை ஒருவர் ஒரே வரியில் அதைச் சாய்த்துவிட்டார்: ‘கடன் கழிந்தது என்றால் கட்டி முடித்தாயிற்று என்றல்லவா அண்ணா பொருள்?’ உண்மைதான் அம்மா, எப்படி என் கண்ணில் படாமல் போனது என்று தெரியவில்லை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்து ‘ஏட்டுநீக்கம்’ என்று மாற்றினேன். தினசரி படிப்பவர்களுக்கு ஏட்டு என்றால் காவல் நிலையத்து ஏட்டு. யாரையோ வேலையை விட்டு அனுப்பிய செய்தி என்று நினைப்பார்கள். ‘ஏடுமாற்றம்’ என்று ஒருவர் சொன்னார். பொருள் அருமை, வேறொரு கணக்குக்கு மாற்றுவதுதானே நடக்கிறது. ஆனால் வேகமாகப் படித்தால் ‘ஏமாற்றம்’ ஆகிவிடும், டிவியின் கீழ்ப்பட்டியில் ஓடினால் கேட்கவே வேண்டாம்.

‘பேரேட்டு நீக்கம்’ என்று பெரும்பாலோர் ஒத்துவந்தீர்கள். கணக்கு எழுதியவனாக இதில் ஒரு தவறைச் சுட்ட வேண்டும். பேரேடு என்பது ஆளாளுக்குப் பக்கம் போட்டு எழுதுவது. தையல்காரரின் பேரேட்டுப் பக்கம் அப்படியே இருக்கிறது, அங்கிருந்து எதையும் நீக்கவில்லை. நீங்கியது வங்கியின் ஆண்டுக் கணக்கில், சொத்தும் பொறுப்பும் காட்டும் தாளில். அதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘இருப்புநிலைக் குறிப்பு’ என்கிறது. நகரத்தார் வட்டிக்கடைக் கணக்கில் அதன் பெயர் ஐந்தொகை. இலங்கைக் கணக்கீட்டுப் புத்தகங்களிலும் நெடுங்காலம் ஐந்தொகைதான்.

ஆகவே என் முன்மொழிவு ‘ஐந்தொகை நீக்கம்’. வினையாகச் சொன்னால், ‘வங்கி இந்தக் கடனை ஐந்தொகையிலிருந்து நீக்கியது’. யாருடைய தாளிலிருந்து நீங்கியது என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘ஐந்தொகை யாருக்குத் தெரியும்’ என்று கேட்பீர்கள். தெரியாதவர் நின்று விசாரிப்பார். ‘தள்ளுபடி’ என்றால் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு போய்விடுவார், அதுதான் ஆபத்து. வாராக்கடன் என்ற சொல்லும் ஒரு காலத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் இருந்ததுதான், இன்று டீக்கடையில் புழங்குகிறது. பழகும் வரை பத்திரிகைக்காரர்கள் முதல் பத்தியில் ‘வசூல் தொடரும்’ என்று இரண்டு சொல் சேர்த்துப் போட்டால் போதும்.

‘தள்ளுபடி’யை நிஜமான விடுதலைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம், அலோக் இண்டஸ்ட்ரீஸ் உட்பட. ஆடித் தள்ளுபடியும் மனு தள்ளுபடியும் அவை பாட்டுக்கு இருக்கட்டும், அவற்றால் யாரும் ஏமாறுவதில்லை. பேசிக் குறைத்துக் கட்டுவதை, சிபிலில் ‘செட்டில்டு’ என்று வருவதை, ‘சமரசத் தீர்வு’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதை இந்த இழையில் குழப்ப வேண்டாம், தனி இழையாக எடுத்துக்கொள்ளலாம்.

நேற்று மாலை தையல் கடையில் உட்கார்ந்து இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். துணி வெட்டும் சாக்குக்கட்டியால் மேசைமேல் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்று வங்கியின் ஐந்தொகை, மற்றொன்று அவருடைய கணக்கு. முதல் கட்டத்திலிருந்து 1,80,000-ஐ அழித்தேன். இரண்டாவதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப அவங்க புக்லதான் சார் இல்ல, என் புக்ல இருக்கு. கேட்பாங்க.” “கேட்பாங்க” என்றேன். “எவ்வளவு குறைப்பாங்க?” என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை இருவரும் கிளைக்குப் போகிறோம். ஏஜெண்டிடம் ஒரு ரூபாயும் கையில் கொடுக்க வேண்டாம், எதுவானாலும் கிளையில் எழுத்தில் வாங்குவோம், கட்டி முடித்த அன்றே நிலுவை இல்லாச் சான்று கேட்போம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவர்களுடைய தமிழ்ப் படிவத்தில் ரைட்-ஆஃபுக்கு என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்த்து வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்