ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் வெடித்தபோது

மதுரை. ஐப்பசி மழை நேரம். ராத்திரி இரண்டு மணிக்கு ஹோவென்று சத்தம். மழைதான் என்று புரண்டு படுத்தேன். "எந்திரிப்பா, பாயெல்லாம் நனைஞ்சு கிடக்கு" என்று அம்மா உலுக்கி எழுப்பினார்.

குளியலறையில் ஹீட்டருக்குப் போகிற கனெக்‌ஷன் பைப் நட்டோடு பிய்ந்து, தண்ணீர் எதிர்ச்சுவரில் பீய்ச்சி அடிக்கிறது. அந்தப் பைப்புக்குத் தண்ணீர் விடுகிற சுவர் வால்வான ஆங்கிள் காக்கை மூட உள்ளே காலை வைக்கப் போனவனை அம்மா பிடித்து இழுத்தார். ஹீட்டர் சுவிட்ச் மேல் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. வாசல் பக்கம் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் திரும்பி வந்தேன். ஆங்கிள் காக் உப்புத் தண்ணீரில் இறுகிப் போய் அசையவே இல்லை.

மொட்டை மாடிக்கு ஓடினேன். டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வின் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே தகடு இறங்கவில்லை. வீடு கட்டி 11 வருஷம், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. 1,000 லிட்டர் டேங்க், சாயங்காலம்தான் நிரப்பியிருந்தோம்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்தார். "ஒரு பழைய வேட்டியும் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியும் எடுத்துட்டு வா" என்றார். வேட்டியில் முஷ்டியைவிடப் பெரிய முடிச்சாகப் போட்டு, தொரட்டி நுனியில் கட்டி, டேங்குக்குள் இறக்கினார். தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்தில் போனதும் லபக்கென்று இழுத்துக்கொண்டது. மேலே இருக்கிற தண்ணீரின் அழுத்தமே அடைப்பைப் பிடித்துக்கொள்ளும் என்றார். சின்னத் துணியாக இருந்தால் குழாய்க்குள்ளேயே போய்ச் சிக்கிவிடுமாம். கீழே வந்து மற்றக் குழாய்களையும் திறந்துவிட்டோம், பைப்பில் நின்ற மிச்சமும் வடிந்தது.

விடியும்வரை தண்ணீரைத் தள்ளினோம். அரிசி மூட்டையில் மேல்பாதி தப்பியது. பீரோ அடித்தட்டில் இருந்த அப்பா அம்மா கல்யாண ஆல்பம் தப்பவில்லை.

இப்போது மாடியில் அந்தக் கேட் வால்வுக்குப் பதிலாக பால் (ball) வால்வு. கைப்பிடி குழாயின் போக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். அமாவாசைக்கு அமாவாசை அம்மாவே ஏறிப்போய் அதை ஒரு தடவை மூடித் திறக்கிறார்.

* * *

மேலே மதுரைக்காரர் சொன்ன அமாவாசைக் கணக்கை, வேறு வீட்டுக்காரியான நானும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அனுபவம் கோயம்புத்தூரில். அலமாரி மாட்டுவதற்காகச் சமையலறைச் சுவரில் டிரில் போட்டேன், உள்ளே போன பைப்பில் இறங்கிவிட்டது. குழாய்க்கு நேர் மேலே சுவருக்குள் பைப் ஏறும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

முதலில் டிரில் பிளக்கைப் பிடுங்கினேன். என் கணவர் மாடிக்குப் போய் டேங்க் வால்வை மூடிவிட்டு வந்தார். தண்ணீர் நிற்கவில்லை! மறுபடி போய்ப் பார்த்தார், சரியாகத்தான் மூடியிருந்தது. கையில் ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தேன், இனிப்பாக இருந்தது. டேங்கில் ஏறுவது போர்வெல் உப்புத் தண்ணீர். அப்படியென்றால் உடைந்தது நேரடியாக வரும் சிறுவாணிக் குடிநீர் லைன். அன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாள் வேறு. கேட் பக்கத்தில் மீட்டரை ஒட்டி இருக்கும் வால்வை மூடிய பிறகுதான் அடங்கியது. அதுவரைக்கும் அலமாரிக்கு வைத்திருந்த பெரிய ஸ்க்ரூவைத் துளையில் முறுக்கி, துணி வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். முழுசாக அடைபடவில்லை, ஆனால் பீய்ச்சல் கசிவாகக் குறைந்தது.

பிளம்பர் சுவரை உடைத்து, ஈரம் போகத் துடைத்து, பைப்பை இணைக்கிற கப்ளிங் போட்டு ஒட்டினார். பசை பிடிக்கட்டும் என்று அன்றைக்கு முழுக்கத் தண்ணீர் விடவில்லை. மறுநாள் இரண்டு வால்வுக்கும் பெயிண்டால் எழுதினேன்: 'உப்பு', 'சிறுவாணி'.