புரத-ஆற்றல் 'குறைபாடா', 'தேய்வா', 'நலிவா'?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உடலின் புரதமும் ஆற்றல் சேமிப்பும் ஒருசேரக் கரைந்துபோகும் நிலைக்குப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2008இல் 'protein-energy wasting' என்று தனிப்பெயர் வகுத்தது. அதை நான் 'புரத-ஆற்றல் குறைபாடு' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

— மொழிபெயர்ப்பாளர்

பொருந்தாது. குறைபாடு என்றால், உண்டு நிரப்பினால் தீர்ந்துவிடும் என்றே படிப்பவர் எண்ணுவார். குருதி டயாலிசிஸில் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. வயிற்றறை டயாலிசிஸிலோ நாளொன்றுக்கு 5 முதல் 15 கிராம் வரை புரதமே போய்விடுகிறது. குருதியில் குறைந்ததை ஈடுகட்ட உடல் தன் தசையையே சிதைக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் அந்தச் சிதைமாற்றம் உடனே அடங்குவதில்லை. பட்டினி கிடப்பவரின் உடல் ஆற்றல் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அழற்சி நீடிக்கும் இவர்களுடைய உடலோ அவ்வாறு சுருக்கிக்கொள்வதில்லை. டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொன்ன நாங்களே, தொடங்கிய பின் உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை உண்ணச் சொல்வது இதனால்தான். 'தேய்வு' என்று எழுதுங்கள்.

— சிறுநீரக மருத்துவர்

'தேய்வு' என்றதும் எலும்புத் தேய்மானம்தான் நினைவுக்கு வரும். உராய்வால் வருவது என்ற பொருளும் உடன் ஒட்டிக்கொள்ளும். மேலும் தேய்தல் தன்வினை மட்டுமே. பிறவினைக்குத் தேய்த்தல் என்று வேறு வடிவம் வேண்டும். 'நலிதல்' அப்படியன்று, வருந்துதல், வருத்துதல் என இரண்டுக்கும் அதுவே நிற்கும். நோய் நலிகிறது, நோயாளியும் நலிகிறார். அகப்பாடல்களில் மெலிவைக் காட்டத் தலைவியின் தொடி (வளையல்) நெகிழ்வதைக் கூறுவது மரபு. மருத்துவர்களும் இந்நிலையை அறிய மேற்கைத் தசையின் சுற்றளவை ஓர் அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. 'தொடிநெகிழ்வு' என்றே வைக்கலாம் என்றும் தோன்றுகிறது.

— தமிழாசிரியர்

ஈற்றுச் சொல்லுக்கு இவ்வளவு ஆராயும் நாம், 'டயாலிசிஸ்' என்பதை மட்டும் ஏன் விட்டுவைத்தோம்? வேதியியல் பாடநூலில் 'கூழ்மப்பிரிப்பு' இருக்கிறதே.

— குழும உறுப்பினர்

பாடநூலில் இருக்கட்டும். வாரம் மூன்று முறை ஊசி ஏற்றிக்கொள்கிறவர் 'டயாலிசிஸ்' என்றுதான் சொல்கிறார். அவர் கையில் போகும் நூலில் அவருடைய சொல்லே இருக்க வேண்டும்.

— சிறுநீரக மருத்துவர்

பெரும்பான்மையோர் கருத்தை ஏற்றுப் 'புரத-ஆற்றல் நலிவு' என்று திருத்திவிட்டேன். உணவுக்குறைவு மட்டுமே இதற்குக் காரணமன்று என்ற விளக்கத்தையும் அடுத்த வரியிலேயே சேர்த்திருக்கிறேன். 'டயாலிசிஸ்' அப்படியே இருக்கும்.

— மொழிபெயர்ப்பாளர்

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். 'நலிந்த பிரிவினர்', 'நலிவடைந்த தொழில்' என்று படித்துப் பழகியவருக்கு இச்சொல் வறுமையையே உணர்த்தும். தசை கரைவதை உணர்த்தாது. அடுத்த பதிப்புக்கு முன் நோயாளிகள் சிலரிடம் இரண்டு சொற்களையும் காட்டிக் கேளுங்கள்.

— சிறுநீரக மருத்துவர்