புதுப்பிப்பு: மூன்று ஹை-கெயின் ட்யூப் ஆம்ப்கள், எது யாருக்கு?

மார்ஷல் ஜேசிஎம்800, மெசா டூயல் ரெக்டிஃபையர், பீவி 5150 ஆகிய மூன்று ஹை-கெயின் (ஒலியை மிகவும் கரகரப்பாக்கும்) ட்யூப் (வெற்றிடக் குழாய்) கிடார் ஆம்ப்களில் எது எந்த வாசிப்புக்குப் பொருந்தும் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது மூன்றையும் ஒரே ஸ்பீக்கர் கேபினெட்டில் வாசித்துப் பார்த்துவிட்டேன்.

வேகமான பாம் மியூட்டுக்கு (உள்ளங்கையால் தந்தியை லேசாக அழுத்தியபடி அடிப்பது) 5150தான். ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது.

மெசாவில் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையராக ட்யூபைத் தேர்ந்தெடுத்தால், ஓங்கி அடிக்கும்போது மின்னழுத்தம் லேசாகச் சரிந்து ஒலி மெத்தென்று வருகிறது. மெதுவான, கனமான ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர்) அது அருமை. ட்யூபுக்குப் பதில் டையோடு ரெக்டிஃபையருக்கு மாற்றினால் இறுக்கம் கூடுகிறது. அப்புறம், ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை, டிரைவ் (கரகரப்பு) குறைத்து, லெவல் (ஒலி அளவு) கூட்டி வைத்துப் பாருங்கள். பாஸ் அடங்கி ரிஃப் தெளிகிறது.

இஎல்34 பவர் ட்யூப் போட்ட ஜேசிஎம்800-இல் கிடார் வால்யூமைக் குறைத்தாலே கரகரப்பு விலகிவிடுகிறது. லீடும் (தனி மெட்டு) ராக்கும் வாசிக்கும் எனக்கு அதுதான் சரி.