பாரதி பாட்டுக்கு நயம் சொந்தமா எழுதினா 2 மார்க், கைடை ஒப்பிச்சா 5. இது நியாயமா?

பலாச்சுளை_அம்மா:
மக பத்தாவது. அரையாண்டு தமிழ் பேப்பர் கைக்கு வந்துச்சு, மத்ததெல்லாம் பரவால்ல, பாட்டோட அழகை எடுத்து எழுதச் சொல்ற நயம் பாராட்டுகல மட்டும் 5க்கு 2. பாட்டு பாரதியோட "நிலாவையும் வானத்து மீனையும் காற்றையும்", புக்ல இருக்கறதுதான். கடைசில "பலாவின் கனிச்சுளை வண்டியில் ஓர் வண்டு பாடுவதும் வியப்போ"ன்னு வருமே, அந்த வண்டு வேற யாரும் இல்ல பாரதியேதான், நிலாவும் நட்சத்திரமும் காத்தும் ஒரு வண்டி நிறைய ஏத்தின பலாச்சுளை மாதிரி கொட்டிக் கெடக்கு, அதுக்கு நடுவுல மாட்டிக்கிட்டவன் பாடாம வேற என்ன பண்ணுவான்னு இவ ஒரு பக்கம் எழுதியிருக்கா. எனக்கு படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து பெஞ்சு பிள்ளை "காட்டுக்கு யானை பாட்டுக்கு மோனை", "மதுரைக்கு வைகை செய்யுளுக்கு எதுகை"ன்னு கைடுல இருக்கறத அப்படியே இறக்கி வச்சிருக்கு, அதுல மோனைக்கு உதாரணமா "தேனினும் – தென்னாடு"ன்னு போட்டிருக்காம், அது முதல் இயல்ல வர்ற வேற பாட்டு! அதுக்கு 5க்கு 5. ரெண்டு பேரும் பேப்பரை மாத்திப் பாத்துட்டு சிரிச்சாங்களாம், எனக்குத்தான் சிரிப்பு வரல.

சாக்பீஸ்_தூசி:
மேடம் கோவிச்சுக்காதீங்க, நான் அரசுப் பள்ளி தமிழாசிரியர், 19 வருசம். வேற பாட்டு சொல்லுக்கு மார்க் போட்டது தப்பு, அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா உங்க பொண்ணுக்கு 2 ஏன் வந்துச்சுன்னு எனக்கு புரியுது. திருத்துற மையத்துல ஒரு கட்டு முடிஞ்சு அடுத்த கட்டு வந்துட்டே இருக்கும், கண்ணு தானா திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம்னு தலைப்பைத்தான் தேடும். தலைப்பே இல்லாம ஒரு பக்கம் ஓடினா அதுக்குள்ள மோனை எங்க இருக்கு அணி எங்க இருக்குன்னு துழாவ நேரம் இருக்காது. பொண்ணு எழுதினது அருமை, ஆனா கேட்டது அது இல்ல. பரீட்சைன்னா பரீட்சை மாதிரி எழுதணும்.

வரிக்குவரி:
சார் கேட்டதே "நயம் பாராட்டுக"ன்னுதானே? பாராட்டுறதுன்னா ரசிச்சு சொல்றது. அந்தப் பொண்ணு ஒருத்திதான் கேள்விக்கு பதில் எழுதியிருக்கா, மத்தவங்க படிவம் நிரப்பியிருக்காங்க, அதுக்கு வேற தனியா 5 மார்க் கேள்வி இருக்கு 😀

நான் எம்.ஏ தமிழ், வீட்ல ட்யூஷன் எடுக்கறேன். கைடு வழியோட லட்சணம் சொல்றேன் கேளுங்க. "முதல் எழுத்து ஒன்றி வருவது மோனை"ன்னு மனப்பாடம் பண்ண பிள்ளைங்ககிட்ட இதே பாட்டுல "உலாவும்"னு ஒரு அடி "ஓட்டி"ன்னு அடுத்த அடி இருக்கே அது மோனையான்னு கேட்டேன், இல்ல டீச்சர் எழுத்து வேறன்னாங்க. உ ஊ ஒ ஓ ஓரினம், அதனால அது மோனைதான், அதே கணக்குல நிலா – நேர்பட, குலாவும் – கோல எல்லாமே மோனை. நிலா, குலா, உலா, பலான்னு ரெண்டாவது எழுத்து ஒன்னா வந்து எதுகை வரிசையா ஓடுறதை வாய்விட்டு ரெண்டு தரம் படிச்சாலே காது பிடிச்சுக்கும். ஒப்பிக்கிற பிள்ளைக்கு காதே தொறக்கல. அப்புறம் அணி இல்லாத கவிதை நகை இல்லாத பொம்பளை மாதிரின்னு சொல்ற அந்த "அணியில்லா கவிதை பணியில்லா வனிதை"யை எல்லாம் இன்னும் எத்தனை வருசத்துக்கு பொம்பளப் பிள்ளைங்க கையாலயே எழுத வைக்கப் போறோம்?

கட்டாஃப்_195:
எதுக்கு இவ்ளோ டென்ஷன். என்ஜினியரிங் கட்டாஃப் மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200, அதுல தமிழ் எங்க இருக்கு? பத்தாவதுல டெம்ப்ளேட்டை போட்டு மார்க்கை வாங்கிட்டு அந்த நேரத்துல நாலு கணக்கு போடச் சொல்லுங்க ஆன்ட்டி. நானும் அப்படித்தான் பண்ணேன், ஒன்னும் குறைஞ்சு போகல.

குரூப்2_மூணாவது_தடவ:
தம்பி நானும் அப்படித்தான் பண்ணேன், எனக்கு குறைஞ்சு போச்சு. அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி வைக்கிற குரூப் 2 பரீட்சை மெயின்ஸ்ல தமிழ் தகுதித் தாள்னு ஒன்னு இருக்கு, 100க்கு 40 எடுக்கலன்னா அடுத்த தாளைத் திருத்தவே மாட்டாங்க. சுருக்கி எழுதணும், குறிப்பு குடுத்தா விரிச்சு எழுதணும், திருக்குறள் சம்பந்தமா கட்டுரை எழுதணும். முதல் தடவ உக்காந்தப்ப எனக்கு தெரிஞ்ச ஒரே கட்டுரை முறை என்னன்னா, முன்னுரை, அதுல ஒரு குறள், நடுவுல நாலு உட்தலைப்பு கருப்பு மையில ஸ்கேல் வச்சு அடிக்கோடு, முடிவுரைல "இருப்போம் செய்வோம் காப்போம்". எந்தத் தலைப்பு குடுத்தாலும் அது மரம் இயற்கையின் வரத்துலதான் போய் நிக்கும். 34 வந்துச்சு. பத்தாவதுல தமிழ்ல நான் 96, அதையும் சொல்லிக்கிறேன்.

சாக்பீஸ்_தூசி:
தம்பி வருத்தமாதான் இருக்கு. ஆனா என் கிளாஸையும் கொஞ்சம் பாருங்க. 41 பேர், அதுல ஒரு பன்னெண்டு பேருக்கு ஒரு பத்தியை திக்காம வாசிக்க வராது, ஆறாவதுலயே பிடிச்சிருக்கணும், யாரும் பிடிக்கல, கொரோனா ரெண்டு வருசத்தை முழுங்கிடுச்சு, இப்ப எங்கிட்ட வந்து நிக்கிறாங்க. அவனுக்கு வேண்டியது 100க்கு 35. அவன்கிட்ட போய் வண்டு யாருன்னு கேட்டா பேப்பரை வெறுமையா வச்சுட்டு எந்திரிச்சுடுவான். "காட்டுக்கு யானை பாட்டுக்கு மோனை" அவனுக்கு பாட்டு மாதிரி மனசுல நிக்கும், அதை எழுதினா 3 மார்க் வரும், கட்டுரைல குறிப்பையே வாக்கியமா மாத்தத் தெரிஞ்சா 8க்கு 4 வரும். அப்படி ஒன்னு ரெண்டா பொறுக்கித்தான் 35. அவன் பாஸானா ஐடிஐ போவான், இல்லன்னா கட்டட வேலைக்கு. மெல்லக் கற்போர் கையேடு போடறது தமிழைக் கொல்றதுக்கு இல்லங்க. நல்லா படிக்கிற பிள்ளையோட அம்மா அப்பாவுக்கு இது சின்ன விசயமா தெரியும்.

வரிக்குவரி:
அந்தப் பன்னெண்டு பேருக்கு குடுங்க சார், நான் வேணாம்னு சொல்லவே இல்ல. மிச்சம் இருபத்தொன்பது பேருக்கும் ஏன் அதே ஊன்றுகோல்? அவங்க காலு நல்லாத்தானே இருக்கு.

அதோட வாசிக்கத் திணறுற பிள்ளைக்கு ரசனை இல்லன்னு முடிவு பண்றீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வருது. எங்கிட்ட ஒரு பையன், எழுத்துப்பிழை இல்லாம ஒரு வரி வராது. "அமுதக் குழம்பைக் குடித்தொரு"ன்னு வருதே, பாரதி ஏன்டா அமுதப் பால்னு சொல்லாம குழம்புன்னு சொன்னாருன்னு கேட்டேன். "சுண்டக் காய்ச்சினா கெட்டியாகும்ல டீச்சர், மூணையும் ஒன்னா போட்டு காய்ச்சிட்டாரு"ன்னான். அவங்க அம்மா இட்லி கடை. அடுத்த வரி "கோல வெறி", அதான் டீச்சர் கெட்டியா குடிச்சா ஏறிடும்னு வேற சொன்னான், அதை மட்டும் பேப்பர்ல எழுதாதன்னு சொன்னேன். எல்லாம் சேத்து ரெண்டு நிமிசம். எந்த கைடுலயும் இதைவிட நல்ல நயம் நான் பாக்கல.

வல்வெட்டிக்காரன்:
இடையில வந்ததுக்கு மன்னிக்கோணும். எங்கட இலங்கையில பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை ஓ.எல்.ல தமிழ் இலக்கிய நயம் எண்டு விருப்பப் பாடமாவே ஒண்டு இருக்கு. அதாலை எல்லாரும் ரசிகர் ஆயிட்டினம் எண்டு நினைக்காதேங்கோ, அதுக்கும் நோட்ஸ் இருக்கு, அதையும் பாடமாக்கித்தான் எழுதிறவை. பாடத்துக்கு என்ன பேர் வச்சாலும் திருத்திற ஆள் எதைத் தேடுறாரோ அதைத்தான் பிள்ளையள் எழுதுவினம்.

சாக்பீஸ்_தூசி:
இட்லி கடை பையன் சூப்பர், ஒத்துக்கறேன். ஆனா அவன் வாயால சொன்னான் டீச்சர். அதை அவனால எழுத முடிஞ்சுதா? பரீட்சை வாயால இல்லையே.

வல்வெட்டி ஐயா சொன்னதுதான் உண்மை. ஒரு தடவ மையத்துல உங்க பொண்ணு மாதிரி ஒரு பேப்பர் எங்கிட்ட வந்துச்சு, தலைப்பே இல்ல, அசத்தல், 5 போட்டேன். மேல சரிபாக்குறவர் கூப்பிட்டு விடைக்குறிப்புல இருக்கறதை இதுல காட்டுங்க சார்னார், நான் ஒவ்வொரு வரியா சுட்டிக் காட்டி அஞ்சு நிமிசம் வாதாடினேன், சரின்னு விட்டுட்டார். ஆனா அன்னிக்கு என் கட்டு முடிய எல்லாரையும் விட லேட்டு. எல்லாரும் வாதாட மாட்டாங்க. அதான் சொல்றேன் மேடம், பொண்ணை மாத்தாதீங்க, தலைப்பு மட்டும் போடச் சொல்லுங்க. சட்டி நம்மளுதா இருக்கட்டும், மூடி அவங்களுது.

குரூப்2_மூணாவது_தடவ:
இதை எனக்கு யாராவது பத்தாவதுலயே சொல்லியிருக்கலாம்.

பலாச்சுளை_அம்மா:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி அவகிட்ட சொன்னேன், மூஞ்சிய தூக்கி வச்சுட்டுதான் உக்காந்தா, ஆனா எழுதினா. எதுகை ஈசியா வந்துருச்சு, மோனைக்கு டீச்சர் சொன்ன உலாவும் – ஓட்டியையும் சேத்துக்கிட்டா. இப்ப பிரச்சனை வண்டுதான். வண்டை எந்தத் தலைப்புக்கு கீழ போடறதுன்னு தெரியல. திரண்ட கருத்துல போட்டா இடிக்குது. அணின்னா என்ன அணி?

சாக்பீஸ்_தூசி:
எடுத்துக்காட்டு உவமைன்னு போடலாம் மேடம், வண்டு பாடறது உவமை, நாம பாடறது பொருள், "போல"ங்கற உவம உருபு மறைஞ்சு வருது.

வரிக்குவரி:
சார் பொருள் எங்க சொல்லியிருக்கு? அந்த அடில வண்டை மட்டும் சொல்லிட்டு கவிஞனை நம்ம யூகத்துக்கு விட்டுட்டாரு. அது பிறிதுமொழிதல்.

சாக்பீஸ்_தூசி:
மேல "படைத்தோம்", "மகிழ்ந்திடுவோம்"னு நம்மளைப் பத்தித்தானே டீச்சர் சொல்லிட்டு வர்றார்? பொருள் முன்னாடியே வந்துருச்சு.

வரிக்குவரி:
வந்துச்சு, ஆனா பாடுறோம்னு எங்கயும் வரலையே 😀

பலாச்சுளை_அம்மா:
"மனச்சிறு புள்ளினை" உருவகம், அதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்லல்ல? இப்போதைக்கு அணிக்கு கீழ அதை எழுதச் சொல்லிட்டேன். வண்டு விசயத்தை நீங்க பேசி முடிச்சுட்டு சொல்லுங்க, பப்ளிக் எக்ஸாமுக்கு இன்னும் நாள் இருக்கு.