என் நாவலுக்கு ஒரு குட்டை இனம் வேண்டும்: நம் பக்கத்துக் கதைகளில் உண்டா?

களுவாஞ்சிகுடி வாசகி:
மட்டக்களப்புக் காட்டில் நடக்கும் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் மனிதரைப் போன்ற, ஆனால் மனிதரல்லாத ஓர் இனம் வருகிறது. மூன்று அத்தியாயம் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தால், தாடி வளர்த்துச் சுரங்கம் தோண்டும் குள்ளர்கள்தான் நிற்கிறார்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், என்ன தின்றார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று எனக்கே தெரியவில்லை. இந்த மண்ணின் கதைகளில் அப்படி யாராவது உண்டா?

பொத்துவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகள், சுரங்கத்தை விட்டுவிட்டுத் தெற்கே வாருங்கள். பாணமை, உகந்தை, கூமுனை தாண்டிய காட்டுப் பக்கம் நிட்டேவோ என்ற குட்டை இனம் வாழ்ந்ததாக இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரில் லேனமப் பகுதியார் சொல்லியிருக்கிறார்கள். 1886இல் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி அதை எழுதிவைத்தார். அவருக்குச் சொன்னவர் ஒரு சிங்கள வேட்டைக்காரர். வேட்டைக்காரருக்குச் சொன்னவர் ஒரு வயோதிப வேடர். 1914இல் பிரெடரிக் லூயிஸ் அந்தப் பக்கம் அலைந்து விசாரித்தபோதும் ஏறக்குறைய இதே கதைதான் கிடைத்தது.

உயரம் மூன்றடி சொச்சம். பெண்கள் இன்னும் குட்டை. நிமிர்ந்து நடப்பார்கள். உடம்பில் செம்பட்டை மயிர், குட்டையான வலுத்த கைகள், நீண்ட நகங்கள். மரத்திலும் பாறைப் பொந்திலும் கூட்டமாகக் குடியிருந்தார்கள். முயல், அணில், ஆமை என்று கையில் சிக்கியதைத் தின்றார்கள். அவர்கள் பேச்சு பறவைகள் கீச்சிடுவது போலிருக்குமாம். வேடரில் சிலருக்கு அது விளங்குமாம். தூங்கும் வேடனைக் கண்டால் நகத்தாலேயே வயிற்றைக் கிழிப்பார்களாம்.

கடைசியில் மிஞ்சியவர்களை வேடர் ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகைக் குவித்து மூன்று நாள் எரித்தார்கள் என்று கதை முடிகிறது.

பதினொரு வயதில் என் பாட்டி பெத்தாவோடு உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்தேன். கும்புக்கன் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து, அங்கேயே படுத்தோம். விடியும்வரை நெருப்பு அணையக்கூடாது என்று பெத்தா விழித்திருந்தா. நெருப்பு என்றால் காவல் என்றுதான் அன்று படித்தேன். அந்தக் குகைக்கதையை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நிட்டேவோவைப் பற்றிக் கிடைத்த ஒவ்வொரு சொல்லும் அவர்களைக் கொன்றவர்கள் சொன்னது. கொன்றவன் செத்தவனின் நகத்தை நீட்டித்தான் சொல்வான். நீங்கள் குகைக்கு உள்ளே இருந்து எழுதுங்கள்.

திருக்கோவில் காட்டுப்பிரியன்:
சேர், நகம் என்றதும் எனக்குக் கரடிதான் ஞாபகம் வருகிறது. அதே காட்டில் பாலைப்பழக் காலத்தில் கரடி மரமேறும். பயந்தால் இரண்டு காலில் எழுந்து நிற்கும். நிறம் மட்டும் கறுப்பு. 1945இல் ஒஸ்மன் ஹில் என்ற உடற்கூற்றியலாளர் நிட்டேவோக்களை ஜாவாவின் ஆதிமனிதனோடு ஒப்பிட்டு எழுதினார். 2003இல் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் ஒரு மீற்றர் உயர மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தபோது நிட்டேவோ பேச்சு மறுபடி எழுந்தது. ஆனால் நம் நாட்டில் கிடைத்த பழைய எலும்புகள் பலாங்கொடை மனிதன் எனப்படும் கற்கால மனிதருடையவை. அந்த ஆண்களின் சராசரி உயரம் 174 சென்ரிமீற்றர் என்கிறார்கள். குள்ளர் அல்லர்.

வாகரையிலிருந்து:
ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு வருத்தம். எங்கள் பக்கம் கதிரவெளி, பனிச்சங்கேணி, மாங்கேணி ஊர்களில் தமிழ் பேசும் வேடர் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே வகுப்பில் படித்தவள் நான். நிட்டேவோவை மிருகம் போல எழுதிவைத்த காலத்து வெள்ளைக்காரர்கள் வேடரையும் மனிதருக்கு ஒரு படி கீழேதான் எழுதினார்கள். வேடன் சொன்னது மூன்று வாய் மாறி ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. அவன் வருந்திச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா என்று யார் கேட்டார்கள்? தங்கச்சி, குகைக்கு வெளியே நிற்பவனையும் தயவுசெய்து வில்லனாக்கிவிடாதீர்கள்.

பொத்துவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நீங்கள் சொல்வது சரி, பிள்ளை. "கொன்றவன்" என்று ஒரே சொல்லில் முடித்தது என் அவசரம். அவர்களுடைய பேச்சு சில வேடருக்கு விளங்கியது என்றால், இரு பக்கமும் ஒரு காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நான் யோசிக்கவில்லை.

களுவாஞ்சிகுடி வாசகி:
மூன்று அத்தியாயத்தையும் கிழித்துவிட்டேன். ஆமை ஓட்டில் மழைத்தண்ணீர் ஏந்தும் ஒரு நிட்டேவோப் பெண், அவள் கீச்சொலி விளங்கும் ஒரு வேடச் சிறுவன். இருவரும் பாலை மரத்தடியில் சந்திக்கிறார்கள். குகை வாசலில் விறகு அடுக்கும்போது அந்தச் சிறுவனுக்கு உள்ளேயிருந்து கேட்பது விளங்கும். ஐயா, அந்தக் காட்டில் குகை வாசலில் என்ன விறகு எரிந்திருக்கும்?

பொத்துவில் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பாலையும் வீரையும் அங்கே நிறைய உண்டு. பாலை விறகு நின்று எரியும், தணல் லேசில் அடங்காது. அவர்கள் சந்தித்த மரத்தின் விறகையே வையுங்கள்.