செடார் கூரையும் வெளிப்புற மரமும்: சுத்தம் செய்தவர்களின் அனுபவங்கள்

மரநிழல் (பர்னபி, பிரிட்டிஷ் கொலம்பியா):

அன்பர்களுக்கு வணக்கம். வான்கூவரைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய வீடு வாங்கிய நம்மவர்கள் பலர், தலைக்கு மேல் செடார் பலகைக் கூரை இருக்கிறது என்பதன் பொருளை முதல் மழைக்காலம் முடிந்த பிறகுதான் உணர்கிறார்கள். நானும் அப்படித்தான் உணர்ந்தேன். ஆகவே என் வீட்டில் நான் செய்த தவறையும், அதன் பிறகு கற்றுக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். செடார் என்ற சொல்லுக்கு அகராதியில் தேவதாரு என்று போட்டிருந்தாலும், இங்கே கூரைக்குப் பயன்படும் மேற்கத்தியச் செஞ்செடார் தேவதாருவுக்கு உறவே இல்லாத, சைப்ரஸ் குடும்பத்து மரம். 1988 முதல் இந்த மாகாணத்தின் அடையாள மரமும் அதுவே. எடை குறைந்த, நகத்தால் கீறினாலே பள்ளம் விழக்கூடிய மென்மையான மரம் இத்தனை ஆண்டுகள் மழையைத் தாங்குவது எப்படி என்றால், அதன் வைரப்பகுதியில் பூஞ்சையைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் ஊறியிருப்பதால்தான். அந்தப் பொருள்கள் நீரில் கரைபவை. ஒவ்வொரு மழையும் அவற்றில் சிறிது கழுவிச் செல்கிறது. எனவே பழைய கூரை ஒன்றைப் பார்க்கும்போது, அதன் காப்புச் சரக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது என்ற நினைவோடுதான் அதைத் தொட வேண்டும்.

இது தெரியாமல் நான் முதலில் கைவைத்தது பின்புறத்து டெக் என்னும் திறந்தவெளி மரத்தளத்தின் மீது. சாம்பல் நிறமாக மாறியிருந்த பலகைகளை அழுக்கு என்று எண்ணி, நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சும், வாடகைக்கு எடுத்த பிரஷர் வாஷரின் முனையை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு கழுவினேன். கழுவிய இடம் பளிச்சென்று செம்பழுப்பாகத் தெரிந்தபோது மிகவும் மகிழ்ந்தேன். ஓடிய நீரில் கஞ்சி போன்று ஏதோ மிதந்ததை அப்போது பொருட்படுத்தவில்லை. மறுநாள் பலகை காய்ந்ததும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பூனையின் நாக்கைத் தொட்டது போல் சொரசொரப்பாக இருந்தது. மர வளையத்தில் வசந்தத்தில் வளர்ந்த மென்பகுதி அரிக்கப்பட்டுப் பள்ளமாகவும், கோடையின் முடிவில் வளர்ந்த கெட்டிப்பகுதி வரம்பு போல் மேடாகவும் நின்றது. மிதந்து சென்ற கஞ்சி என் டெக்கின் மரம்தான்.

சாம்பல் நிறம் எப்படி வருகிறது என்பதை அதன் பிறகே படித்தேன். மர நார்களை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிவிடுகிறது. எஞ்சும் செல்லுலோஸ் நார்களும், அவற்றின் மேல் படரும் கரும்பூஞ்சைப் புள்ளிகளும் சேர்ந்து சாம்பலாகத் தெரிகின்றன. இந்த மாற்றம் மேற்பரப்பின் மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். மென்மரம் இயற்கையாகத் தேய்வது நூறு ஆண்டுகளில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் என்று மரவியல் நூல்கள் கூறுகின்றன. அப்படியானால் ஒரே பிற்பகலில் நான் எத்தனை ஆண்டுத் தேய்மானத்தை உண்டாக்கினேன் என்பதை எண்ணிப் பார்க்கவே வருத்தமாக இருந்தது. சொரசொரப்பைப் போக்க உப்புத்தாள் தேய்த்தபோது தரமான முகக்கவசம் அணிந்தேன். செஞ்செடார்த் தூளிலுள்ள ஓர் அமிலம் மரத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவை உண்டாக்குவது நன்கு அறியப்பட்ட செய்தி. இதை யாரும் விட்டுவிடாதீர்கள்.

கூரைக்கு வந்தபோது அனுபவமுள்ள ஒரு பணியாளரை அழைத்தேன். முகட்டில் கயிற்றைக் கட்டி, அதை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு, மழை பெய்து இரண்டு நாள் கழிந்த ஒரு காலையில் அவர் ஏறினார். எலும்பாகக் காய்ந்த பலகை மிதித்தால் விரியும், நனைந்த பாசி வழுக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள நாளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் பாடம். வடக்குச் சரிவில், பக்கத்து மரத்தின் நிழல் விழும் இடத்தில், பாசி மெத்தை போல் கிடந்தது. அதில் ஒரு பிடியைப் பெயர்த்து, அடியிலிருந்த பலகையின் நுனியை இரு விரலால் கிள்ளி எனக்குக் காட்டினார். ஊறிய ரஸ்க் போல் கறுப்பாக உதிர்ந்தது. இரண்டடி தள்ளி, பாசியே இல்லாமல் வெள்ளி போல் நரைத்திருந்த பலகையைச் சுத்தியல் காம்பால் தட்டினார்; கணீரென்று ஒலித்தது. அன்றிலிருந்து நான் நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, நீர் எங்கே தங்குகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். பாசி மரத்தைத் தின்பதில்லை. ஆனால் ஈரத்தைப் பஞ்சு போல் பிடித்து வைத்து, அழுகவைக்கும் பூஞ்சைக்கு வழிசெய்கிறது, பலகையின் விளிம்பையும் மெல்லத் தூக்கிவிடுகிறது.

அவர் செய்த வேலை மிகவும் எளியது. முகட்டிலிருந்து கீழ்நோக்கி, மென்மையான நார்த்தூரிகையால் பாசியைத் தள்ளினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் விரல் அகல இடைவெளிகளில் அடைந்திருந்த ஊசியிலைகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் கிளறி எடுத்தார். நீர் வடிவதற்காகவும், மரம் ஊறி விரிவதற்காகவும் விட்ட அந்த இடைவெளிகள் அடைபட்டால்தான் கூரை காயாமல் போகிறது. கீழிருந்து மேல்நோக்கி ஒரு சொட்டு நீரையும் அவர் பீய்ச்சவில்லை. அப்படிச் செய்தால் நீர் பலகை அடுக்குக்குள் ஏறிவிடும்.

கெட்டுப்போன பலகைகள் 37 இருந்தன. ஒன்றை மாற்றிய விதத்தை ஏணியில் நின்றபடியே பார்த்தேன். பழைய பலகையைப் பிளந்து உருவி, மறைந்திருந்த ஆணிகளை நீண்ட கொக்கித் தகட்டால் அறுத்தார். புதிய பலகையைச் செருகி, உரிய இடத்துக்கு அரை அங்குலம் கீழே நிறுத்தி, மேல் வரிசையின் விளிம்பை ஒட்டி இரண்டு ஆணிகளைச் சாய்வாக அடித்தார். பிறகு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்ட, பலகை மேலே ஏறி, ஆணித் தலைகள் மேல் வரிசைக்குள் மறைந்துவிட்டன. பார்க்க அத்தனை நிறைவாக இருந்தது. ஆணி துருப்பிடிக்காத எஃகாகவோ, தடித்த நாகப்பூச்சு உடையதாகவோ இருக்க வேண்டும் என்றார்.

முகட்டின் கீழே செம்புப் பட்டை பதித்தால் அதில் கரைந்து வரும் செம்பு பாசியைத் தடுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் கூரை நீரை வடிக்கும் பீலி அலுமினியம். செம்பில் பட்டு வடியும் நீர் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் துத்தநாகப் பட்டை பதித்தோம். மற்றவர்கள் என்ன செய்தீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

கார்த்திகைப்பூ (சியாட்டல்):

மரநிழல் ஐயா, உங்கள் பணியாளரைப் போன்ற ஒருவர் எனக்குக் கிடைக்கவில்லை. வீடு வீடாக வந்து கதவைத் தட்டிய ஒரு நிறுவனத்தாரை நம்பினேன். அரை நாளில் கூரையைப் புதிதாக்கித் தருவதாகச் சொல்லி, அடர்த்தியான குளோரின் பிளீச்சைத் தெளித்து, அதன் மேல் உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சினார்கள். மாலையில் கூரை பொன்னிறமாக மின்னியது உண்மை. ஒரு வாரத்தில் சுவரோரத்து ரோடோடெண்ட்ரான் செடிகள் கருகின. மூன்று மாதத்தில் பலகைகளின் மேல் பஞ்சு போல் நார் எழுந்து நின்றது. பிளீச் பூஞ்சையை மட்டுமன்றி மரத்தின் லிக்னினையும் தாக்குகிறது, ஆணிகளையும் அரிக்கிறது. அந்தக் குளிர்காலத்தில் குளியலறைக் கூரையில் முதல் ஈரத்திட்டைப் பார்த்தபோது, பணம் போனதைவிட, நன்றாக இருந்த கூரையை நானே காசு கொடுத்துக் கெடுத்தேன் என்ற எண்ணமே அதிகம் வலித்தது. கூரைக்கு விலைசொல்ல வருபவரிடம் எத்தனை மணி நேரத்தில் முடிப்பீர்கள் என்று கேளுங்கள். விரைவாக முடித்துவிடுவேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

துத்தநாகப் பட்டையைப் பற்றி ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். செம்பும் துத்தநாகமும் பாசிக்கு நஞ்சு என்றால் மீனுக்கும் நஞ்சுதான். கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே சாமன் மீனின் மோப்ப உணர்வைக் கெடுக்கிறது என்பதை இங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சாமன் மீன்கள் பிறந்த ஓடைக்கு வழிகண்டு திரும்புவதும், பகையை உணர்ந்து ஒளிவதும் அந்த மோப்பத்தால்தான். உங்கள் பீலி நீர் எங்கே போகிறது என்பதைத் தயவுசெய்து பாருங்கள்.

வேலியோரம் (டொராண்டோ):

எங்களிடம் கூரையில் செடார் இல்லை; வளவைச் சுற்றி ஒன்ராறியோவில் வழக்கமான வெண்செடார் வேலியும், சிறிய டெக்கும் உண்டு. இங்கே என் சிக்கல் பாசி அன்று, கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு ஆணியின் கீழும் மை வடிந்தது போல் ஒரு கோடு இறங்கியிருந்தது. மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் சாதாரண இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாகும் கருநீலக் கறை அது. அக்காலத்தில் எழுதும் மையையே இந்த வினையால்தான் செய்தார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம்தான் மருந்து.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் சோடியம் பெர்கார்பனேட் தூளை, 4 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு கோப்பை என்ற கணக்கில் பிளாஸ்டிக் வாளியில் கலந்தேன். நீரில் அது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரிந்து நுரைக்கும். மூடிய பாத்திரத்தில் வைத்தால் வாயு நிறைந்து வெடிக்கக்கூடும் என்பதால், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டுமே கலக்க வேண்டும். வெயில் தாழ்ந்த வேளையில் மரத்தையும் பக்கத்துச் செடிகளையும் முதலில் நனைத்துவிட்டு, கலவையைப் பூசி, காயவிடாமல் 15 நிமிடம் வைத்து, ரேகையின் போக்கிலேயே தேய்த்துத் தோட்டக் குழாய் நீரால் கழுவினேன். மரம் முதலில் கறுத்தது. பயப்பட வேண்டாம், காரத்தன்மையால் அப்படி ஆகும். அதன் பிறகு 4 லிட்டர் நீருக்கு ஏறக்குறைய 100 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துப் பூசினேன். கறுப்புக் கோடு என் கண்ணெதிரே தேநீர் நிறமாகி, பிறகு இல்லாமலே போனது. அது நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் அணிய வேண்டும். குளோரின் பிளீச் பூசிய மரத்தில் எந்த அமிலத்தையும் ஊற்றவே கூடாது, நச்சு வாயு எழும்.

பூச்சுக்கு நான் அவசரப்படவில்லை. ஈரமானியில் 15 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, மரத்துக்குள் இறங்கும், பாதி ஒளிபுகும் எண்ணெய்ப் பூச்சை ஒருமுறை பூசினேன். மேலே படலமாக நிற்கும் வண்ணம் இரண்டு குளிர்காலத்தில் உரிந்துவிடுவதை முன்பே பார்த்துவிட்டேன். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெப்பம் எழுந்து துணி தானாகவே தீப்பற்றும். நான் ஒவ்வொன்றையும் வேலியில் விரித்துக் காயவைத்தேன்.

கல்நார் (விக்டோரியா):

நான் எதையும் பூசாமல் விட்டவன், அதையும் ஓர் அனுபவமாகப் பதிவு செய்கிறேன். என் வீட்டுச் சுவர்ப் பலகைகள் நரைத்து நிற்கின்றன. தாழ்வாரம் அகலமாக இருப்பதாலும், அடிப்பலகை மண்ணிலிருந்து ஓர் அடிக்கு மேல் இருப்பதாலும் ஈரம் தங்குவதில்லை. எங்கள் மாகாணத்து ஹைடா க்வாய் தீவுகளின் தென்கோடியிலுள்ள ஸ்கங் க்வாய் ஊரில், செஞ்செடாரில் செதுக்கிய ஹைடா மக்களின் நினைவுத் தூண்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து கடற்காற்றிலும் மழையிலும் நிற்கின்றன; 1981இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. அங்கே நின்றபோது, நரைத்த அந்த மரத்தின் முன் எனக்குப் பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், வாங்கி வைத்திருந்த பூச்சு வாளிகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இதைக் கூரைக்கும் டெக்குக்கும் பொருத்திச் சொல்ல மாட்டேன். படுத்திருக்கும் மரத்துக்கும் நின்றிருக்கும் மரத்துக்கும் மழை ஒரே மாதிரி இறங்குவதில்லை.

மரநிழல் (பர்னபி):

மூவருக்கும் நன்றி. கார்த்திகைப்பூ எழுதியதைப் படித்த மறுநாள் மழை பெய்தது. குடையுடன் வெளியே நின்று எங்கள் பீலி நீரைப் பின்தொடர்ந்தேன். அது குழாய் வழியே முற்றத்துச் சரிவில் இறங்கி, தெருவோரத்து வடிகாலில் விழுந்தது. இந்தப் பகுதியில் சில வடிகால் வாய்களின் அருகே மஞ்சள் மீன் ஒன்றைத் தீட்டியிருப்பார்கள். இங்கே ஊற்றுவது நேரே ஓடைக்குப் போகும் என்பதற்கான அடையாளம் அது. எங்கள் வடிகாலிலும் அந்த மீன் இருந்தது. பல ஆண்டுகளாக அதன் மேல்தான் நான் வண்டியை நிறுத்தியிருக்கிறேன்.

அந்தப் பணியாளரை மீண்டும் அழைத்துத் துத்தநாகப் பட்டையைக் கழற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு மாற்றாக, வடக்குச் சரிவின் மேல் கவிந்திருந்த கிளைகளை அண்டை வீட்டாரின் இசைவோடு வெட்டினோம். இப்போது காலை பத்து மணிக்கு அங்கே வெயில் விழுகிறது. இலையுதிர் காலத்தின் முடிவில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை தூரிகை போடுவது என்று ஏற்பாடு. சென்ற வாரம் அவர் வந்து ஒரு பிடிப் பாசியைத்தான் எடுத்தார். புதிய 37 பலகைகளில் செந்நிறம் மங்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலம் போனால் பழையவற்றோடு சேர்ந்துவிடும் என்றார்.