புதுப்பிப்பு: நெளி தகரக் கூரையின் சாய்வும் ஸ்க்ரூவும்

முந்தைய பதிவில் குறைந்தபட்சச் சாய்வு கிடையாக 12 அடிக்கு 3 அடி உயரம், அதாவது சுமார் 14 டிகிரி என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே போக வேண்டியிருந்தால், தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமெல்லாம் சீலன்ட் டேப் (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டுநாடா) ஒட்டுங்கள். தண்ணீர் மெதுவாக வடியும்போது அந்த இடுக்கில் உறிஞ்சப்பட்டு மேலேறும்.

விடுபட்டது ஸ்க்ரூ. ஸ்க்ரூ தலைக்குக் கீழுள்ள ரப்பர் வாஷர், அதன் மேலிருக்கும் உலோக மூடியின் விளிம்பில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். மேலும் முறுக்கினால் ரப்பர் கிழியும். நெளியின் மேட்டில் அடித்திருந்தால் தகரமும் அமுங்கிக் குழியாகும். ஒழுகலைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சாய்வாக இறங்கிய ஸ்க்ரூவில் வாஷர் ஒருபக்கம் தூக்கியே நிற்கும். கழற்றிவிட்டுச் சற்றுத் தடித்த ஸ்க்ரூவை நேராகப் போடுங்கள்.

காற்று பிடித்து இழுப்பது ஓரங்களைத்தான். இறவாரத்திலும் கூரை உச்சியிலும் ஸ்க்ரூக்களை நடுப்பகுதியைவிட நெருக்கமாகப் போடுங்கள். துளையிடும்போது விழுந்த இரும்புத்துகளை அன்றே பெருக்கிவிடுங்கள், இல்லையேல் துரு பிடிக்கும்.